மூன்று 1911 ரூபாய்: எதை வாங்குவது?

மும்பை செம்பூரில் இருக்கும் என் தம்பி மகளுக்கு 1911-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்று வாங்க வேண்டும் என்று ஆசை. முதல் சில மாதச் சம்பளத்தில் இதற்கென்றே ஒதுக்கி வைத்த பணம் கையில் இருக்கிறது. ஃபோர்ட்டில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான நாணய வியாபாரி ஒருவர் மூன்று நாணயங்களை எடுத்துக் கொடுத்து, ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். மாட்டுங்காவில் என் வீட்டு மேசையில் அவற்றைப் பரப்பிக்கொண்டு இரண்டு மாலைகள் உட்கார்ந்தோம். அப்போது பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன். வெள்ளி நாணயம் வாங்கத் தொடங்கும் யாருக்கும் இந்த மூன்று வகைதான் எதிரே வந்து நிற்கும்.

முதல் நாணயம் பளிச்சென்ற வெள்ளை. உறையின் மேல் 'யு.என்.சி.' என்று எழுதியிருந்தது. புழக்கத்துக்கே போகாதது என்று பொருள். இரண்டாவது சாம்பல் நிறம், ஓரங்களில் லேசான பழுப்பு. அதன் உறையில் 'எக்ஸ்.எஃப்.', அதாவது எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், லேசாகப் புழங்கியது. மூன்றாவதை அமெரிக்கத் தரமதிப்பீட்டு நிறுவனம் ஒன்று கெட்டிப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடி, 'ஏ.யூ. 53' என்று சீட்டுப் போட்டிருந்தது. ஏ.யூ. என்றால் ஏறக்குறைய புழங்காதது, 53 என்பது எழுபதுக்குள் தரும் தர எண். சேகரிப்பவர்கள் பேச்சில் இதற்கு ஸ்லாப் என்று பெயர். விலையில் இரண்டாவதுதான் குறைவு. முதலாவது அதைப்போல் ஒன்றரை மடங்கு, ஸ்லாப் இரண்டரை மடங்கு.

1911 ஏன் என்று கேட்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த முதல் ரூபாய் அது. மன்னரின் அங்கியில் ஒரு சிறிய யானை உண்டு. அந்த ஆண்டு அச்சில் துதிக்கை குட்டையாக அமைந்துவிட்டதால் பார்ப்பவர்களுக்கு அது பன்றியாகத் தெரிந்தது. எதிர்ப்பு எழுந்தது. வெளியே போனவற்றில் பல திரும்பப் பெறப்பட்டு உருக்கப்பட்டன. 1912-இல் யானையைத் திருத்திப் புதிய அச்சு வந்தது. ஆக, இந்த நாணயத்தின் கதை முழுவதும் மிளகளவு உள்ள ஓர் உருவத்தில் இருக்கிறது. அது தேய்ந்துபோன 1911 ரூபாயை வாங்கினால் ஆண்டு மட்டும்தான் கையில் மிஞ்சும். தரத்தைப் பற்றி இவ்வளவு கவலைப்படுவதற்கு இந்த ரூபாயைவிடப் பொருத்தமான காரணம் வேறு எதிலும் இல்லை.

முதலில் தராசு. பிரிட்டிஷ் இந்திய ரூபாய் 1835-இலிருந்து ஒரே எடை: 180 கிரெய்ன், அதாவது சரியாக ஒரு தோலா, 11.66 கிராம். நாட்டு வைத்தியர்களின் குறிப்புகளில் 'ஒரு ரூபாய் எடை' என்று வருவது இதுதான். வெள்ளி 91.7 சதவீதம். வெள்ளை நாணயம் 11.57 கிராம், சாம்பல் நாணயம் 11.61 கிராம் காட்டின. ஸ்லாபைத் திறக்காமல் நிறுக்க முடியாது. புழங்கிய நாணயம் எடையில் கொஞ்சம் குறைவது இயல்பு. ஆனால் புழங்கவே இல்லை என்று எழுதப்பட்ட நாணயம், புழங்கியது என்று எழுதப்பட்டதைவிடக் குறைவாக நிறுக்கிறதே என்று அவள் உடனே கேட்டாள். எடை வித்தியாசம் மிகச் சிறியது, அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இருந்தாலும் அந்தக் கேள்வி சரியான இடத்தில்தான் விழுந்தது.

அடுத்தது விளக்கு. டியூப் லைட்டின் கீழே நாணயத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்தப் பரவலான வெளிச்சம் எல்லாக் குறையையும் மூடிவிடும். அறை விளக்கை அணைத்துவிட்டு, ஒற்றைக் குமிழ் மேசை விளக்கின் கீழே, மடித்த துண்டு ஒன்றை விரித்து, நாணயத்தை விளிம்பில் மட்டும் பிடித்து, மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படக் கூடாது. கட்டைவிரல் ரேகை வெள்ளியில் பதிந்தால் சில மாதங்களில் அப்படியே கறுத்து நிற்கும், பிறகு போகாது.

இதைச் செய்தபோதுதான் முதல் நாணயத்தின் உண்மை வெளிவந்தது. புதிதாக அச்சிட்ட வெள்ளி நாணயத்தில் ஒளி நகரும். அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வழிந்து ஓடுகிறது. அந்த ஓட்டத்தின் நுண்ணிய வரிகள் பரப்பு முழுவதும் நிற்கின்றன. நாணயத்தைச் சாய்க்கும்போது அந்த வரிகளில் பட்ட ஒளி, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல மையத்தைச் சுற்றிச் சுழலும். லஸ்டர் என்று நம் வியாபாரிகள் சொல்வது இந்த ஓடும் மினுக்கத்தைத்தான். முதல் நாணயம் பளபளத்தது, ஆனால் அந்த ஒளி அசையவே இல்லை. எவர்சில்வர் தட்டு பளபளப்பது போல ஒரே இடத்தில் நின்றது. பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்தேன். மன்னரின் முகத்துக்கு எதிரே இருந்த வெற்றுப் பரப்பில் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள், எல்லாம் ஒரே திசையில். எழுத்துகளின் உள்மூலைகளில் வெள்ளையாக ஏதோ பொடி அடைந்திருந்தது. யாரோ துணியில் பொடி தொட்டு அழுத்தித் தேய்த்திருக்கிறார்கள்.

இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் வீடுகளில் வெள்ளியைத் துலக்குவது நல்ல பழக்கமாகத்தான் சொல்லிக் கொடுக்கப்பட்டது. வரலட்சுமி நோன்புக்கும் தீபாவளிக்கும் முன்பு குத்துவிளக்கோடும் சந்தனக் கிண்ணத்தோடும் சேர்த்து, பூஜையில் வைக்கும் ராணி தலை ரூபாயையும் விபூதி போட்டுத் தேய்த்தவள்தான் என் அம்மா. கிண்ணத்துக்கு அது பொருந்தும். நாணயத்துக்கு அது ஈடுகட்ட முடியாத சேதம். தேய்த்து எடுத்த தோலைத் திரும்ப ஒட்ட வழி கிடையாது. உங்கள் வீட்டில் அப்படி ஒரு டப்பா இருந்தால், இன்றே பாட்டியிடம் பேசி அந்த ரூபாய்களைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். குங்குமம் ஒட்டியிருந்தாலும் பரவாயில்லை.

நானே இதில் அடிபட்டவன். சேகரிக்கத் தொடங்கிய புதிதில் 1919-ஆம் ஆண்டு ரூபாய் ஒன்றை, யு.என்.சி. என்ற சொல்லை நம்பி, கேட்ட விலை கொடுத்து வாங்கினேன். நான்கு ஆண்டுகள் கழித்து விற்கப் போனபோது, மூத்த சேகரிப்பாளர் ஒருவர் அதை விளக்கின் கீழ் ஒரு முறை சாய்த்தார், ஒன்றும் சொல்லாமல் என் கையில் திருப்பிக் கொடுத்தார். வெள்ளி விலைக்குத்தான் அது போனது.

சாம்பல் நாணயத்துக்கு வருவோம். அதன் நிறத்தைப் பார்த்து அவள் முதலில் முகம் சுளித்தாள். காற்றில் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து உருவாகும் மெல்லிய படலம் அது, டோனிங் என்பார்கள். மெல்லியதாக இருக்கும்போது பொன்மஞ்சள், பிறகு செம்பழுப்பு, நீலம் என்று நிறம் மாறி, தடித்தால் கறுக்கும். மும்பையின் ஈரக் காற்றில், அதுவும் மழைக்காலத்தில், இது வேகமாக நடக்கும். ஒரே சீராக, ஓரத்திலிருந்து உள்நோக்கி மெல்ல மெலிந்து வரும் படலம், இந்த நாணயத்தை நெடுங்காலம் யாரும் தொந்தரவு செய்யவில்லை என்பதற்குச் சாட்சி. செயற்கையாக ஏற்றிய நிறம் பெரும்பாலும் திட்டுத்திட்டாக, கண்ணைப் பறிக்கும்படி, எழுத்துகளின் மேடு பள்ளம் பாராமல் பூசினாற்போல் இருக்கும்.

தேய்மானத்தை எங்கே தேடுவது? நாணயத்தில் எது மேடோ அதுதான் முதலில் தேயும். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மகுடத்தின் முத்துகள், புருவம், காது, மீசையின் நுனி, அங்கியின் தோள்பகுதி, அதிலுள்ள யானை. இந்த இடங்களை வரிசையாகப் பார்த்தாலே பாதி வேலை முடிந்தது. மகுடம் வெறும் வடிவக்கோடாக, அங்கி வழுவழுவென்று இருந்தால் 'ஃபைன்'. மகுடத்தின் பட்டைகள் பிரிந்து தெரிந்து, யானை மட்டும் ஒரு மொத்தையாக நின்றால் 'வெரி ஃபைன்', அதாவது வி.எஃப். யானையின் காலும் துதிக்கையும் தனித்தனியாகத் தெரிந்து, புருவத்திலும் காதின் மேல்மடிப்பிலும் மட்டும் லேசாக மழுங்கியிருந்தால் எக்ஸ்.எஃப். மேடுகளின் உச்சியில் மட்டும் மங்கல், எழுத்துகளுக்கு இடையே இன்னும் ஒளி ஓடுகிறது என்றால் ஏ.யூ. அதற்கு மேல் யு.என்.சி.

நம் சாம்பல் நாணயத்தில் துதிக்கை தெரிந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மகுடத்தின் முத்துகளில் நடுவிலுள்ளவை தட்டையாகியிருந்தன. பின்புறம் இதைவிட நன்றாக இருந்தது: பூங்கொடியின் இலை நரம்புகள் அநேகமாக முழுமை, நடுவே உருது எழுத்து கூர்மை. எக்ஸ்.எஃப். என்று எழுதியது கொஞ்சம் தாராளம் என்பது என் கணிப்பு; வி.எஃப்.-க்கும் எக்ஸ்.எஃப்.-க்கும் நடுவில் வைப்பேன்.

இங்கே ஒரு எச்சரிக்கை. மழுங்கிய இடமெல்லாம் தேய்ந்த இடம் அல்ல. அச்சே சரியாக அழுந்தாமல் பிறந்த நாணயங்களும் உண்டு. இரண்டையும் பிரிப்பது அந்த ஓடும் ஒளிதான். மழுங்கிய இடத்தின் மேலும் ஒளி தடையின்றி ஓடினால் அது அச்சின் குறை. அங்கே வந்து ஒளி நின்று, உலோகத்தின் நிறமும் மங்கினால் அது விரல்கள் தேய்த்தது.

இந்த ஆங்கில எழுத்துகளில் ஒரு குழப்பமும் இருக்கிறது. ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்ற வரிசை பிரிட்டிஷ் வழக்கு, அதில் ஏ.யூ. என்ற படி பழங்காலத்தில் இல்லை. ஆகவே லண்டன்காரர்கள் எக்ஸ்ட்ரீம்லி ஃபைன் என்று கட்டுப்பாடாகச் சொல்வது, அமெரிக்கக் கணக்கில் பெரும்பாலும் ஏ.யூ. பக்கம் போய் விழும். நம் ஊர் ஏலப் பட்டியல்களில் இரண்டு வழக்குகளும் கலந்து வருகின்றன. ஒரே எழுத்தை இரண்டு பேர் எழுதினால், எந்த மரபில் எழுதினார்கள் என்று பார்க்காமல் விலையை ஒப்பிடக் கூடாது. 70 வரை போகும் எண்களைக் கொண்டுவந்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர், 1949-இல். அந்நாட்டின் பழைய செப்பு சென்ட்களுக்காக, எழுபதாம் தரத்து நாணயம் முதல் தரத்து நாணயத்தைப்போல் எழுபது மடங்கு பெறும் என்ற விலைக்கணக்கில் அமைத்தார். அந்த விலைக்கணக்கு எப்போதோ செத்துவிட்டது, எண்கள் மட்டும் நிலைத்துவிட்டன. 40, 45 எக்ஸ்.எஃப்.; 50 முதல் 58 வரை ஏ.யூ.; 60 முதல் 70 வரை எம்.எஸ்., அதாவது புழங்காதது. புழங்காத நாணயங்களும் மூட்டையில் ஒன்றோடொன்று மோதித் தழும்பேறும். அதனால் 60 எண் பெற்ற நாணயத்தைவிட 58 எண் பெற்றது பார்வைக்கு அழகாக இருப்பது அடிக்கடி நடக்கும். விலை மட்டும் 60-க்கே கூடுதலாக இருக்கும். கண்ணை நம்புகிறவர்களுக்கு 58 அருமையான இடம்.

மூன்றாவது நாணயம் 53. பெட்டிக்குள்ளிருந்தே ஒளி ஓடுவது தெரிந்தது. யானையின் நான்கு கால்களும், அந்தச் சர்ச்சைக்குரிய குட்டைத் துதிக்கையும் கண்ணாடி இல்லாமலே தெரிந்தன. மன்னரின் கன்னத்தில் மட்டும் கடுகளவில் ஒரு கரும்புள்ளி. தரத்தைப் பொறுத்தவரை மூன்றில் இதுவே மேல், அதில் எனக்கு ஐயமே இல்லை. ஸ்லாப் தரும் பலன்களையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பது அசல் என்று இன்னொருவர் பொறுப்பேற்கிறார். தேய்த்தது, வளையம் பற்றவைத்தது, கீறியது எல்லாவற்றுக்கும் எண் கொடுக்காமல் 'டீட்டெயில்ஸ்' என்று எழுதிக் காரணத்தையும் போட்டுவிடுகிறார். முகம் பார்க்காமல் விற்கலாம். வாங்குபவர் செய்ய வேண்டியது, சீட்டில் உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, அங்குள்ள படமும் கையிலுள்ள நாணயமும் ஒன்றுதானா என்று கீறலுக்குக் கீறல் ஒப்பிடுவது. போலிப் பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன.

அப்படியானால் சாம்பல் நாணயத்தை மலிவாக வாங்கி நாமே அனுப்பி எண் வாங்கிவிடலாமே என்று அவள் கேட்டாள். பலரும் கேட்கும் கேள்வி. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு நிறைந்த நாணயம் தொல்பொருள். அதைத் தனியார் யாரும் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. 1911 ரூபாய் அந்த எல்லையைக் கடந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. வெளிநாட்டிலேயே இருந்து, அங்கே பெட்டிக்குள் போய், பிறகு இங்கே வந்தவை வேறு. கூரியரில் போட்டு வெளிநாட்டில் எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். ஆறாம் ஜார்ஜ் காலத்து 1940-45 ரூபாய்களுக்கு இந்தத் தடை இன்னும் எட்டவில்லை. ஆனால் 1940-இலிருந்து அவற்றில் வெள்ளி பாதிதான், எண் வாங்கும் செலவு நாணயத்தின் விலையையே தாண்டிவிடும்.

இனி முடிவு. என் கணக்கு எந்த ஆண்டு என்பதிலிருந்து தொடங்குகிறது. ஏராளமாக அச்சான ஆண்டு என்றால் தரத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 1918 முதல் 1920 வரையிலான ரூபாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் உலகப் போரின் வெள்ளித் தட்டுப்பாட்டில், அமெரிக்கா 1918-இல் பிட்மன் சட்டம் இயற்றி, 25 கோடிக்கும் மேற்பட்ட வெள்ளி டாலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. அந்த வெள்ளி இந்தியாவின் ரூபாய்க்காகவே வாங்கப்பட்டது. அந்த ஆண்டுகளின் நாணயம் நல்ல லஸ்டரோடு எம்.எஸ். தரத்திலேயே கிடைக்கும்போது தேய்ந்ததை வாங்குவது பணத்தை முடக்குவது. 1862 என்று பொறித்த விக்டோரியா ரூபாயும் பார்வைக்கு அப்படித்தான், ஆனால் அதில் ஒரு நுணுக்கம் உண்டு. பத்தாண்டுக்கு மேல் அதே ஆண்டையே பொறித்து, உண்மையில் அச்சான ஆண்டைச் சிறு புள்ளிகளால் குறித்தார்கள். அங்கே புள்ளிகள் தெளிவாக எண்ண முடிகிறதா என்பதே முதல் கேள்வி, ராணியின் முகம் அதற்குப் பிறகு.

அரிய ஆண்டு என்றால் வி.எஃப். கிடைத்தாலே கும்பிட்டு வாங்கிக்கொள்ளலாம். 1939 ரூபாய் அப்படிப்பட்டது. 91.7 சதவீத வெள்ளியில் வந்த கடைசி ஆண்டு, போலிகளும் மிகுதி. அதை மட்டும் ஸ்லாப் இல்லாமல் வாங்காதீர்கள் என்று யாரிடமும் சொல்வேன். 1911 இந்த இரண்டு கோடிகளுக்கும் நடுவே நிற்கிறது. தேடினால் கிடைக்கும், நல்லது கிடைக்கக் காத்திருக்க வேண்டும். போலி பற்றிய பயத்துக்காக இரண்டரை மடங்கு கொடுக்கும் அளவுக்கு அது போகவில்லை.

தேய்த்த வெள்ளை நாணயம் எந்தக் கணக்கிலும் வராது. அதன் அடிவிலை, உள்ளே இருக்கும் 10.61 கிராம் வெள்ளி. அன்றைய செய்தித்தாளில் வெள்ளி விலையைப் பார்த்துப் பெருக்கி, யானை தெரிவதற்காக அதன்மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுக்கலாம். கேட்ட விலை அதற்கு வெகுதூரம். காசுமாலையிலிருந்து எடுத்த நாணயங்களுக்கும் இதே விதி. விளிம்பின் உச்சியில் வரிப்பற்கள் வழுவழுவென்று அராவப்பட்டு, அந்த இடம் மட்டும் மஞ்சள் பாய்ந்திருந்தால், வளையம் பற்றவைத்திருந்ததன் தடம் அது. முன்னும் பின்னும் எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைச் சேகரிப்புத் தரத்தில் சேர்ப்பதில்லை.

மிஞ்சியவை இரண்டு. ஐந்தாறு ஆண்டுகளில் விற்கும் எண்ணம் இருந்தால் ஸ்லாபை எடுத்துக்கொள் என்று சொன்னேன். விற்கும் நாளில் யாரோடும் தர்க்கம் செய்ய வேண்டியிருக்காது. விற்கும் எண்ணமே இல்லை என்றாள். எடை போட்டுப் பார்க்க முடியாத, விரலிடையில் பிடித்து விளக்குக்குக் காட்ட முடியாத நாணயத்தை வைத்துக்கொண்டு எப்படிக் கற்றுக்கொள்வது என்றும் கேட்டாள். எனக்கும் அதேதான் தோன்றியது. ஒருவர் வாங்கும் முதல் நாணயம் கையில் பிடிக்க முடிந்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாம் மாலையின் முடிவில் இன்னொன்றும் கண்டுபிடித்தோம். சாம்பல் நாணயத்தின் பின்புறம், அடியிலுள்ள தாமரைப் பூவையொட்டி ஊசிமுனையளவில் ஒரு புடைத்த புள்ளி இருந்தது. அது மும்பை நாணயச்சாலையின் அடையாளம். ஸ்லாபில் இருந்ததில் அந்தப் புள்ளி இல்லை, அது கொல்கத்தா. ரிசர்வ் வங்கிக்கு எதிரே இன்றும் நிற்கிற அந்த மும்பை நாணயச்சாலையைத் தாண்டித்தான் அவள் தினமும் வேலைக்கு நடக்கிறாள். அந்தப் புள்ளியைக் கண்ணாடியில் பார்த்த பிறகு அவள் மற்ற இரண்டையும் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த நாள் வியாபாரியிடம் போய், எக்ஸ்.எஃப். என்பதை ஏற்க முடியாததற்கான காரணங்களை யானையின் பின்னங்கால்களைக் காட்டிச் சொன்னாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார், விலையில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தார். நாணயம் இப்போது பி.வி.சி. கலக்காத உறையில் இருக்கிறது, பி.வி.சி. உறை நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பைக் கக்கி வெள்ளியை அரித்துவிடும். ரப்பர் பேண்டும் செய்தித்தாளும் அதன் அருகே வரக் கூடாது, இரண்டிலும் கந்தகம் உண்டு. சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பெட்டியில் போட்டு, மழைக்காலம் முடியும்வரை மாதம் ஒரு முறை மாற்றச் சொல்லியிருக்கிறேன். உறைக்குள் அவள் கையால் எழுதிய சீட்டு: 1911, மும்பை, 11.61 கிராம், வி.எஃப். மேல்.